விலை என் காதுக்கு வரணும்

அந்த வெடிச்ச காயை நான் வாங்கலை. இன்னைக்கும் யார் கேட்டாலும் சொல்லுவேன், கேட்காட்டியும் சொல்லுவேன். வாங்கினது முதலாளியோட மாப்பிள்ளை. பழி விழுந்தது என் கண்ணு மேல.

ஏலக்காய் ஏலத்துல உட்கார்ந்து காய் வாங்கித் தர்றது என் தொழில். எனக்குச் சொந்தமா கடை கிடை ஒண்ணும் கிடையாது. முதலாளிக்குப் போடியில மண்டி இருக்கு. வடக்க மசாலா அரைக்கிற கம்பெனிகளுக்கு அவர் காய் அனுப்புறாரு. அவருக்காக மலை மேல, வண்டன்மேட்டுப் பக்கம் இருக்கிற ஒரு தனியார் ஏல மையத்துல இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல வாங்கிக்கிட்டு இருக்கேன். மையத்தோட பேரு வேண்டாம். அங்க இருக்கிற எல்லாரும் இப்ப எனக்கு வேண்டியவங்க.

ஏலம் எப்படி நடக்கும்னு சொல்லிடுறேன். விவசாயிங்க கொண்டாந்து போட்ட காய் ஒவ்வொண்ணும் ஒரு லாட். ஒரு லாட் ஏலத்துக்கு வரும்போது அதோட சாம்பிள் சின்னக் கவர்ல எல்லா மேசைக்கும் வந்துடும். கையில கொட்டி உருட்டிப் பார்க்கணும், ரெண்டு காயைப் பிச்சு விதையைக் கடிக்கணும், பார்த்ததைத் தரையில கொட்டிட்டு அடுத்த கவருக்குக் கை நீட்டணும். மத்தியானத்துக்குள்ள ஹால் பூராவும் காய் இறைஞ்சு கிடக்கும். நடந்தா நறநறன்னு மிதிபடும். புதுசா வர்றவங்க, "அய்யய்யோ, ஏலக்காயை இப்படி மிதிக்கிறீங்களே"ன்னு பதறுவாங்க. சாயங்காலம் கூட்டி அள்ளிடுவாங்க, பதறாதீங்கன்னு சமாதானம் சொல்லுவோம். இதுக்கு நடுவுல மேசை மேல இருக்கிற ஸ்கிரீன்ல விலை ஏறிக்கிட்டே இருக்கும். ஸ்கிரீன்ல இருக்கிற பட்டனையே கையால அழுத்த ஆளுக்கு ஒரு பட்டன் பெட்டி. அழுத்தினா விலை ஏறும். கடைசியா அழுத்தினவருக்கு லாட். எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சுடும்.

எனக்குக் கண்ணுல பிரஷர்னு மதுரையில டாக்டர் சொன்னப்ப, பிரஷர் எனக்கு ரத்தத்துலயே இல்லையே, கண்ணுல எங்க இருந்து வந்துச்சுன்னு சிரிச்சேன். மடத்தனம். பார்வை ஓரத்துல இருந்து சுருங்கிச் சுருங்கி வந்து, ஒரு வருஷத்துல மொத்தமா அடைச்சுப்போச்சு. ரெண்டு மாசம் யார்கூடவும் பேசலை. வீட்டுக்காரி மேல எரிஞ்சு விழுந்தேன், சோத்துத் தட்டைத் தள்ளிவிட்டேன். அவ சளைச்சவளா? "கண்ணுதான போச்சு, வாய் குறையலையே"ன்னு சொல்லிட்டு மறுபடி சோறு போட்டா.

அப்புறம் ஒரு நாள் முதலாளி ஒரு கவர் காயை அனுப்பி வச்சாரு. சும்மா பாருய்யான்னு. கையில கொட்டினேன். எட்டு மில்லி பருமன் காய், உலர்த்துற ஸ்டோர்ல கொஞ்சம் அதிகமாக் காய வச்சுட்டாங்க, விதை உதிருது, எண்ணெய் மட்டும் நல்லா நிக்குதுன்னு நாக்கு சொல்லிச்சு. போன்ல அப்படியே சொன்னேன். "அத்தனையும் சரிய்யா"ன்னாரு. நிறம் எனக்குத் தெரியாது, ஒத்துக்கிறேன். ஆனா அரைக்கிறவனுக்கு நிறம் எதுக்கு? விதை வேணும், எண்ணெய் வேணும். அது ரெண்டும் என் கையில பத்திரமா இருந்துச்சு.

அதனால திரும்ப ஹாலுக்குப் போனேன். நான் காயைப் பார்த்து விலை சொல்லணும், பக்கத்துல மாப்பிள்ளை உட்கார்ந்து ஸ்கிரீனைப் பார்த்து அழுத்தணும். அப்படித்தான் ஏற்பாடு. மாப்பிள்ளை நல்ல மனுஷன்தான். ஆனா அவருக்கு ஏலம்னா வேப்பங்காய். கண்ணு ஸ்கிரீன்ல இருக்கும், மனசு போன்ல ஓடுற கிரிக்கெட்ல இருக்கும்.

அன்னைக்கு என் கையில வந்தது அருமையான காய். "போங்க மாப்ள, போங்க, விடாதீங்க"ன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன். போன்ல யாரோ அவுட். அந்த நேரத்துல அந்த லாட் வேற யாருக்கோ முடிஞ்சு, அடுத்த லாட் ஸ்கிரீனுக்கு வந்துடுச்சு. இவர் தலையைத் தூக்கி, நான் "போங்க"ன்னு சொல்றதைக் கேட்டு, டமார் டமார்னு அழுத்தி எடுத்துட்டாரு. கையில இருந்த காய் ஒண்ணு, வாங்கின காய் வேற ஒண்ணு. போடியில மூட்டையைப் பிரிச்சா பாதிக்கு மேல வெடிச்ச காய், விதை வத்திப்போயிருக்கு.

கண்ணு தெரியாத ஆளை ஏலத்துக்கு அனுப்பினா இதுதான் கதின்னு மண்டித்தெரு பூராவும் பேச்சு. மாப்பிள்ளை உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லலை. எனக்கு ஆத்திரமா வந்துச்சு, ஆனா முதலாளி வீட்டு மாப்பிள்ளையை எங்க போய்த் திட்டுறது?

முதலாளியே மலையேறி வீட்டுக்கு வந்தாரு. காப்பியைக் குடிச்சு முடிச்சுட்டு, "புது சீசன்ல இருந்து அந்த சீட்டுல மாப்பிள்ளை மட்டும் உட்காரட்டும்யா. நீ குடோன்ல காய் பாரு. சம்பளம் ஒரு பைசா குறையாது"ன்னாரு.

"சம்பளத்தை விடுங்க. அந்த சீட்டு என்னோடது. நான்தான் அழுத்துவேன்."

"எப்படிய்யா அழுத்துவ? விலை எங்க நிக்குதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

நான் பையில இருந்து போனை எடுத்தேன். கண்ணு தெரியாதவங்க வாட்ஸப் குரூப் ஒண்ணுல சேர்ந்து, போனைப் பேச வைக்கக் கத்துக்கிட்டிருந்தேன். விரல் வைக்கிற இடத்துல என்ன இருக்குன்னு அது வாய்விட்டுச் சொல்லும். அவர் அன்னைக்குக் காலையில அனுப்பின மெசேஜை அவர் முன்னாலயே படிக்க வச்சேன். "பஸ்ஸு எப்ப வரும்னு இது சொல்லுது, பேங்க்ல இருந்து என்ன வந்துச்சுன்னு சொல்லுது. அந்த ஏல கம்ப்யூட்டருக்கு மட்டும் என்ன கேடு, ஊமையாவே இருக்கணும்னு?"

அவர் யோசிச்சாரு. புது சீசனோட முதல் ஏலம் வரைக்கும் டயம் கொடுத்தாரு. அதுக்குள்ள நானே என் விரலால வாங்க வழி பண்ணினா சீட்டு எனக்கு. இல்லேன்னா குடோன். கை குலுக்கிட்டுப் போனாரு. குடோன்ல குந்தி யாரோ வாங்கின காயைப் பிரிச்சுப் பார்க்கிற பொழப்பு எனக்கு வேண்டாம். அங்க போனா நான் செத்துடுவேன்னு தோணுச்சு.

ஏல மையத்து மேனேஜர் கோட்டயத்துக்காரர், தங்கமான ஆளு. "சேட்டா, எனக்கு விரோதம் ஒண்ணுமில்லை. சாஃப்ட்வேர் கொச்சியில ஒரு கம்பெனியோடது. நீங்க ஒரு அபேக்ஷை, மனு எழுதிக் கொடுங்க, உங்க பக்கத்துல துணைக்கு ஒரு ஆளை உட்கார வைக்க ஸ்பெஷல் அனுமதி வாங்கித் தரேன்"ன்னாரு.

"ஸாரே, துணை இல்லாம நான் கெடலை. துணையாலதான் கெட்டேன்"ன்னேன்.

ஹால்ல என் மேசையில இருக்கிற ஏல கம்ப்யூட்டர்லயும் பேசுற சாஃப்ட்வேரைப் போட்டு அவர் முன்னாலயே தொடங்கிக் காட்டினேன். ஒவ்வொரு இடமா நகர்த்தினா அது சொல்லுது: "பட்டன். பட்டன். பட்டன். படம். பட்டன்." எது ஏலம் கேட்கிற பட்டன், எது வெளியே போற பட்டன், ஒண்ணும் தெரியாது. பிள்ளையைப் பெத்துப் பேரு வைக்காம விட்ட மாதிரி. விலை ஏறுற இடத்துல அதுவும் கிடையாது. விலையையே படமா வரைஞ்சு ஓட்டியிருக்காங்க. மேனேஜர் கேட்டுட்டு, "ஐயோ பாவம்"ன்னாரு. பாவம் பார்க்கச் சொல்லி நான் வரலைன்னு கொஞ்சம் சத்தமாவே சொல்லிட்டேன். அதுக்கு அப்புறம் அவர்கிட்ட மன்னிப்பும் கேட்டேன்.

மேலிடத்துக்கு ஆன்லைன்ல புகார் கொடுங்கன்னு குரூப்ல சொன்னாங்க. மாற்றுத்திறனாளிகளுக்கு உரிமைச் சட்டம் இருக்கு, கேட்டா கொடுத்தாகணும்னு தைரியம் சொன்னாங்க. புகார் முழுக்க டைப் அடிச்சு முடிச்சா, கடைசியில நான் ரோபோ இல்லைன்னு நிரூபிக்கணுமாம். டிராபிக் லைட் இருக்கிற படத்தையெல்லாம் தொடணுமாம். கண்ணு தெரியலைன்னு புகார் கொடுக்க வந்தவனைப் படம் பார்க்கச் சொல்றான்! வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன். அவ ஸ்கிரீன்கிட்ட மூஞ்சியை வச்சு, "இந்த மலையில எங்கங்க டிராபிக் லைட் இருக்கு, நான் எதைப் பார்த்துப் பழகியிருக்கேன்"னு கேட்கிறா. ரெண்டு பேரும் மூணு தடவை ரோபோ ஆனோம். நாலாவது தடவை மனுஷனா ஒத்துக்கிட்டாங்க.

அந்தப் புகார் போய்ச் சேர்ந்துச்சோ, மேனேஜர்தான் உள்ளுக்குள்ள பேசினாரோ, ஒரு மாசம் கழிச்சு கொச்சிக் கம்பெனியில இருந்து ஒரு பொண்ணு வந்தா. அந்த சாஃப்ட்வேரை எழுதினவங்கள்ல அவளும் ஒருத்தி. மலையாளத்துல சண்டை போடத் தயாரா உட்கார்ந்திருந்தேன். அவ வாயைத் திறந்ததும், "ஏனுங்கண்ணா, என்னதானுங்க பிரச்சனை?"ங்கிறா. சொந்த ஊரு பாலக்காட்டுல வேலந்தாவளம் பக்கமாம். கொங்குத் தமிழ்ல இப்படிக் கேட்டா எவன் சண்டை போடுவான்? பாதிக் கோபம் அங்கயே இறங்கிடுச்சு.

மீதிக் கோபத்தை வச்சு ஒரு வேலை பண்ணினேன். "தாயி, இந்த சீட்டுல உட்காரு"ன்னு என் சீட்டுல உட்கார வச்சேன். மேனேஜரை ஒரு ஒத்திகை ஏலம் ஓட்டச் சொன்னேன். ஓட ஆரம்பிச்சதும் கையை நீட்டி ஸ்கிரீனோட ஸ்விட்ச்சை அணைச்சுட்டேன்.

"இப்ப வாங்கு."

"ஒண்ணுமே தெரியலீங்களே."

"எனக்கும்தான் தெரியலை. வாங்கு."

பேசுற சாஃப்ட்வேரை வச்சுத் தடவித் தடவிப் பார்த்தா. "பட்டன், பட்டன்"னு அது சொல்லச் சொல்ல அவளுக்கு மூச்சு வாங்குறது எனக்குக் கேட்டுச்சு. ஒரு தடவை வெளியே போற பட்டனை அழுத்தி ஏலத்தை விட்டே வெளியேறிட்டா. கொஞ்ச நேரம் கழிச்சு, "நாங்க எழுதுனதுதானுங்க இது. இத்தன மோசமா இருக்கும்னு நெனக்கவே இல்லீங்க"ன்னா. குரல்ல ரோஷம் ஏறிடுச்சு. அந்த ரோஷம்தான் எனக்கு வேண்டியிருந்துச்சு.

ஒரே மாசத்துல முதல் மாத்தம் வந்துச்சு. எல்லாப் பட்டனுக்கும் பேரு வந்துச்சு, விலை எழுத்தாச்சு, கம்ப்யூட்டர் பேசிச்சு. ஞாயித்துக்கிழமை நாலு வியாபாரிங்களைக் கெஞ்சிக் கூப்பிட்டு ஒத்திகை வச்சோம். அதுல ஒருத்தர் கம்பத்துக்காரர். இருபது வருஷமா பக்கத்து மேசையில உட்கார்ந்து எனக்கு எதிரா ஏலம் கேட்கிறவரு. தொழில்ல ஜென்ம எதிரி, டீக்கடையில சிநேகிதர். வாய் மட்டும் எட்டு ஊருக்குப் போகும்.

நான் முதல் அழுத்து அழுத்தினேன். கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் ஹால் அதிர, "நீங்கள் இப்போது முன்னணியில் உள்ளீர்கள்"னு கத்திச்சு.

"அட, நீதானா அது!"ன்னு கம்பத்துக்காரர் தொடையைத் தட்டினாரு. "அப்ப நான் இன்னும் ரெண்டு ரூபாய் ஏத்துறேன்!"

யாரு கேட்கிறாங்கன்னு வெளியே தெரியாம கேட்கிறதுதான் ஏலத்துல பாதித் தந்திரம். என் கம்ப்யூட்டரே என்னைக் காட்டிக் கொடுத்துச்சு. சிரிச்சு முடிக்கவே பத்து நிமிஷம் ஆச்சு. நானும்தான் சிரிச்சேன். அடுத்த வாரம் ஒத்தைக் காதுல மாட்டுற இயர்போன் வந்துச்சு.

அப்புறம்தான் நிஜமான அடி விழுந்துச்சு. கம்ப்யூட்டர் விலையை நல்ல செந்தமிழ்ல, முழுசா, நிறுத்தி நிதானமா சொல்லுது: "இரண்டாயிரத்து நானூற்று அறுபத்து மூன்று ரூபாய்." அது "ரூபாய்"க்கு வர்றதுக்குள்ள ஹால்ல விலை எழுபதைத் தாண்டிப் போயிடுச்சு. வேகத்தைக் கூட்டினா கரகரன்னு எலி கத்துற மாதிரி இருக்கு, ஒரு எண்ணும் புரியலை. ஆறு லாட் கேட்டேன். ஆறும் போச்சு. கம்பத்துக்காரர் கூடக் கிண்டல் பண்ணலை. அதுதான் எனக்குத் தாங்கலை.

சீசனுக்கு மூணு வாரம்தான் பாக்கி. மழை வேற பிடிச்சுக்கிச்சு, வெளிய இறங்க வழியில்லை. வீட்டுக்குள்ளயே உட்கார்ந்து விட்டத்துக்கு மூஞ்சியைக் காட்டிக்கிட்டு இருந்தேன். தோத்துட்டோம்னு நினைச்சேன். வாய்விட்டும் சொன்னேன். குடோன்ல எந்த ஜன்னல் பக்கம் உட்காரலாம்னு கூட யோசிச்சுட்டேன், அவ்வளவு தூரம் விட்டுப்போச்சு.

ஒரு காலையில வீட்டுக்காரி அடுப்படியில இருந்து கத்தினா. "என்னங்க, அரை மணி நேரமா என்னத்தை முணுமுணுக்கிறீங்க? வாய் ஏலமா விடுறீங்க?"

நான் முணுமுணுக்கிறது எனக்கே தெரியலை. என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? "மூணு... நாலு... நாலு... ஆறு... எழுவது... ஒண்ணு..."

உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு. ஸ்கிரீனெல்லாம் வர்றதுக்கு முன்னால, நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதுசுல, வாய் ஏலம்தான். ஒருத்தர் மேசை மேல நின்னு விலையைக் கூவுவாரு. அவர் முழு விலையைத் தொடக்கத்துல ஒரே ஒரு தடவைதான் சொல்லுவாரு. அப்புறம் வாலை மட்டும்தான். அறுவத்தி மூணுக்கு அப்புறம் நாலு, அஞ்சு, ஏழு. பத்து மாறினா மட்டும் எழுவதுன்னு ஒரு சொல்லு. நூறு மாறினா வாயே திறக்க மாட்டாரு, கையில இருக்கிற கட்டையால மேசையில டொக்குன்னு ஒரு தட்டு. அவ்வளவுதான். அம்பது பேரு இருக்கிற ஹால்ல ஒருத்தனுக்கும் விலை தவறாது. யாரும் அவர் மூஞ்சியைப் பார்த்து ஏலம் கேட்டதில்லை, எல்லாரும் குனிஞ்சு காயைத்தான் பார்த்துக்கிட்டு இருப்போம். அடப்பாவி, நாங்க எல்லாருமே காதாலதானடா வாங்கினோம்!

உடனே போனை எடுத்து கொச்சிப் பொண்ணுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். விளக்கமெல்லாம் சொல்லலை. நேரா ஒரு லாட்டையே கூவிக் காட்டினேன், தொடக்கத்துல இருந்து முடியிற வரைக்கும், டொக்குன்னு கதவுல தட்டி. அஞ்சே நிமிஷத்துல போன் வந்துச்சு.

"ஏனுங்கண்ணா, இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமில்லீங்க!"

"முன்னாடியே எனக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேனா, தாயி?"

"மாறுன எண்ணை மட்டும் சொன்னாப் போதும்னு எங்களுக்குத் தோணவே இல்லீங்க. நாங்க படிக்கச் சொல்லிக் குடுத்தோம். நீங்க கூவச் சொல்றீங்க."

கம்ப்யூட்டர் குரல்ல "எழுவது"ன்னு சொன்னா கேட்க நல்லால்லைன்னு, ஒண்ணுல இருந்து தொண்ணூத்தொன்பது வரைக்கும் என்னையே சொல்ல வச்சுப் பதிவு பண்ணினா. மலையாள எண்ணுக்கு மேனேஜர் குரல் கொடுத்தாரு. நான் முந்தி நின்னா காதுல ஒரு சின்ன மணி, வேற ஆளு முந்தினா லேசா ஒரு தட்டு, நூறு மாறினா அந்தப் பழைய கட்டைச் சத்தம், டொக். ஒவ்வொரு லாட் தொடங்கும்போதும் லாட் நம்பரையும் காதுலயே சொல்லிடும், கையில இருக்கிற காயும் ஏலத்துல இருக்கிற காயும் ஒண்ணுதானான்னு யாரையும் கேட்க வேண்டியதில்லை. பட்டன் பெட்டி வழவழன்னு இருந்துச்சு, எது எதுன்னு விரலுக்குத் தெரியாது. ஒரே ஒரு ஏலவிதையை எடுத்து, பசை போட்டு ஏலம் கேட்கிற பட்டன் மேல நானே ஒட்டினேன்.

முதல் ஏலத்தன்னைக்கு முதலாளி எனக்குப் பின்னால நாற்காலி போட்டு உட்கார்ந்துட்டாரு. மாப்பிள்ளை வெளியே டீக்கடையில. என் கை வேர்த்து வழிஞ்சுது, வேட்டியில துடைச்சுத் துடைச்சு வேட்டியே ஈரமாயிடுச்சு. முதல் மூணு லாட் விட்டேன், காய் சரியில்லை. முதலாளி செருமினாரு. நாலாவது கவர் வந்துச்சு. கையில கொட்டினதுமே தெரிஞ்சுபோச்சு. கனம்னா கனம், அப்படி ஒரு கனம். கடிச்சேன். காரம் மூக்குல ஏறிச்சு.

விரலை விதை மேல வச்சேன். காதுல என் குரலே எனக்கு விலை சொல்லுது. நாலு. அஞ்சு. அழுத்தினேன், மணி. தட்டு, ஏழு. அழுத்தினேன், மணி. தட்டு, ஒம்பது. பக்கத்துல கம்பத்துக்காரர் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அழுத்துறது தெரியுது, அவர் எப்பவும் மூச்சைப் பிடிச்சாத்தான் அழுத்துவாரு. அழுத்தினேன். எண்பது. விடாம அழுத்தினேன். தொண்ணூறு, எட்டு, ஒம்பது. அழுத்தினேன். டொக்! நூறு மாறிடுச்சு. மணி. நான் காத்திருந்தேன். தட்டு வரலை. இன்னும் வரலை. "லாட் உங்களுக்கு"ன்னு காதுல வந்துச்சு.

அழுதேன். அத்தனை பேரு நடுவுலதான், வெட்கமெல்லாம் ஒண்ணும் படலை. யாரும் கை தட்டலை, தட்ட யாருக்கு நேரம், அடுத்த கவர் அதுக்குள்ள கைக்கு வந்துடுச்சு. முதலாளி மட்டும் என் தோள்ல கையை வச்சு ஒரு அமுக்கு அமுக்கிட்டு, நாற்காலியைத் தூக்கிக்கிட்டு வெளியே போயிட்டாரு. கொஞ்ச நேரம் கழிச்சு மாப்பிள்ளை டீயோட உள்ள வந்தாரு. கிளாஸை என் கையில வச்சுட்டு, காதுகிட்ட குனிஞ்சு, "அன்னைக்குத் தப்பு என்னோடதுதான்ணே, மாமாகிட்ட இப்பத்தான் சொல்லிட்டேன்"னாரு. அந்த டீ மாதிரி ஒரு டீ நான் குடிச்சதில்லை. அவர் இப்ப குடோன்ல நிம்மதியா கிரிக்கெட் பார்க்கிறாரு.

அதுக்கு அப்புறம் நடந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஒரு மாசத்துல எதிர் வரிசையில ஒருத்தர் இயர்போன் கேட்டாரு. எதுக்குன்னு மேனேஜர் கேட்டா, "ஸ்கிரீனைப் பார்த்தா காயைப் பார்க்க முடியலை, காயைப் பார்த்தா ஸ்கிரீனைப் பார்க்க முடியலை"ன்னாரு. பட்டன்ல விதை ஒட்டித் தரச் சொல்லி நாலு பேரு என்கிட்டயே வந்தாங்க. தன் காய் என்ன விலைக்குப் போகுதுன்னு கேட்க வர்ற விவசாயிங்களுக்குப் பின் வரிசையில இயர்போன் வச்சாங்க. அதுல ஒருத்தரு, எழுத்துக்கூட்டக் கூடத் தெரியாதவரு, முப்பது வருஷமா பக்கத்துல இருக்கிறவங்களை "என்ன விலைங்க, என்ன விலைங்க"ன்னு கேட்டுக் கேட்டுத் திட்டு வாங்கினவரு, தன் லாட்டோட விலையைத் தானே கேட்டுட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. நான் எனக்குக் கேட்டதுதான் அது. எனக்கு மட்டும் போதும்னு ஒரு துணை ஆளை வாங்கிக்கிட்டு அடங்கியிருந்தா, இவங்க ஒருத்தருக்கும் ஒண்ணும் கிடைச்சிருக்காது. பெருமையாத்தான் இருக்கு, ஏன் மறைக்கணும்?

கம்பத்துக்காரர் மட்டும் வீம்பா இருந்தாரு. அவருக்குச் சக்கரை, ஸ்கிரீன்ல எண்ணு மசமசன்னு தெரியுதுன்னு ஊருக்கே தெரியும். ஒரு நாள் டீக்கடையில யாரும் இல்லாதப்ப, "அந்தக் காது மெஷினு... எங்க வாங்குறது?"ன்னு கேட்டாரு. நான் விடுவேனா? கேட்கலையே, கொஞ்சம் சத்தமா சொல்லுங்கன்னு மூணு தடவை சொல்ல வச்சேன்.

போன தை மாசம் ஒரு லாட் வந்துச்சு. அந்த சீசன்லயே அப்படி ஒரு காய் வரலை. நானும் கம்பத்துக்காரரும் மட்டும்தான் கடைசியில நின்னோம். அழுத்து மேல அழுத்து. மணி, தட்டு, மணி, தட்டு. இதுக்கு மேல இவர் வர மாட்டாருன்னு ஒரு கணக்குப் போட்டு, ஒரே ஒரு நொடி விரலை நிறுத்தினேன். தட்டு வந்துச்சு. அழுத்துறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. ஒத்தை ரூபாய். என் குரலையே காதுல மாட்டிக்கிட்டு என்னையே அடிச்சுட்டாரு அந்த மனுஷன். பக்கத்துல இருந்து, "எப்படி!"ன்னு ஒரு சத்தம். கையில இருந்த சாம்பிளைத் தூக்கி அவர் மேல எறிஞ்சேன், பட்டுச்சான்னு தெரியாது.

முதலாளிக்குப் போன் பண்ணி, "லாட் போச்சு. நான்தான் விட்டுட்டேன்"னு சொன்னேன்.

"என்னது, விட்டுட்டியா? ஒத்தை ரூபாய்க்கா? ஏன்யா, விரல்ல என்ன வெண்ணெயா தடவியிருக்க? இத்தனை வருஷம் ஏலத்துல உட்கார்ந்து என்னத்தைக் கத்துக்கிட்ட? அந்தக் கம்பத்தான் சிரிக்க மாட்டானா? அறிவு வேண்டாமாய்யா உனக்கு?"

அவர் விடாம திட்டிக்கிட்டே இருந்தாரு. கண்ணு தெரிஞ்ச காலத்துல நான் ஒரு லாட்டை விட்டா இப்படித்தான் திட்டுவாரு. எனக்குக் கண்ணு போனதுல இருந்து அவர் என்னை ஒரு வார்த்தை திட்டினதில்லை. எந்த லாட் எப்படிப் போனாலும், பரவாயில்லைய்யா, நீ என்ன பண்ணுவன்னுதான் சொல்லியிருக்காரு. போனை இன்னும் கொஞ்சம் காதோட சேர்த்து அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, ஒவ்வொரு வசவையும் நின்னு கேட்டேன்.